தலையில நம்பர் இல்லாத போல்ட்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வருசா வருசம் ஏப்ரல் சீசன் வந்தா நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேத்த கார் ரேஸ் படம் உங்க பத்திரிகைல வருது, கப் தூக்கிட்டு நிக்கிறவரு, கொடி ஆட்டுறவரு, தொப்பி போட்ட பெரிய மனுசங்க எல்லாரும் வர்றாங்க, நல்லதுதான். ஆனா அந்தக் கார மலை மேல தள்ளுறது பின் அச்சுக்குள்ள ஒயில்ல குளிச்சிட்டு சுத்துற டிப்பும் (டிபரன்ஷியல், எஞ்சின் சுத்துற சுத்த ரெண்டு பின் வீலுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுச் சக்கரம்), அதப் புடிச்சு வச்சிருக்கிற கொஞ்சம் போல்ட்டும்தான், அதுங்களப் பத்தி ஒரு வரி எழுத ஆளில்ல. அதான் நானே எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும். வெட்டுறதா இருந்தா முன்னுக்கு உள்ளத வெட்டுங்க, போல்ட்டு சங்கதிய மட்டும் வெட்டிராதீங்க.

நான் கொட்டகலைப் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவன். அப்பா தேயிலை ஸ்டோர்ல (தேயிலை பெக்டரி) மெசின் பாக்குற பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நானும் என் மச்சானும் (சம்சாரத்தோட தம்பி) சேர்ந்து ஒரு கார் கட்டிட்டு இருக்கோம். ஆரம்பிச்சது 2022ல, பெட்ரோல் கியூவுல ராத்திரி பகலா நின்ன நாள்ல. வேலை இல்ல, ஓடுற வண்டிக்கு எண்ணெய் இல்ல, இந்த நேரத்துல ஒருத்தன் புதுசா ஒரு கார் கட்டப் போறேன்னு நின்னா வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கிட் கார்னா என்னான்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். இங்கிலாந்துல 1957ல கொலின் சப்மன்னு ஒருத்தரு லோட்டஸ் செவன்னு ஒரு காரு கொண்டாந்தாரு, கதவு இல்ல, கூரை இல்ல, இரும்புக் குழாய்ல ஒரு கூடு, மேல அலுமினியத் தகடு, அவ்வளவுதான். முழுக் காரா வாங்கினா வரி, சாமானா வாங்கி வீட்டுல பூட்டிக்கிட்டா அந்த வரி இல்ல, அதனால பெட்டில சாமானாவே வித்தாங்க. பூட்டுற வழிமுறைய கூட வைக்கக் கூடாதுன்னு இருந்ததாம், மனுசன் கழட்டுற வழிமுறைய எழுதி வச்சிட்டு பின்னாலருந்து முன்னுக்கு படிச்சுக்கங்கன்னு சொன்னாருன்னு ஒரு கதை உண்டு. 1973ல அந்தக் காரோட உரிமை கேட்டர்ஹாம்னு இன்னொரு கம்பெனிக்குப் போச்சு, இன்னைக்கும் செய்யுறாங்க. அதப் பாத்து உலகம் பூரா ஆளுங்க கொட்டாய்க்குள்ள சொந்தமா வெல்டிங் அடிச்சு அதே மாதிரி கட்டுறாங்க. நம்மளும் அந்த சாதிதான். பெட்டி எல்லாம் நமக்கு வராது, 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிப்பாட்டினவங்க தனியார் வாகனத்துக்கு திரும்ப கதவ தொறந்ததே 2025 பெப்ரவரிலதான், அந்த நேரத்துல கிட் கார் எங்க வர்றது. அதனால எல்லாமே பழைய இரும்புலருந்து பொறுக்கினதுதான். ரோட்டுல ஓட்ட பதிவு வேணும், அது பெரிய தலைவலி, இப்போதைக்கு தோட்டத்து மண் ரோட்டுல மனேஜர்கிட்ட கேட்டுட்டு உருட்டுறதோட சரி.

இனி டிப்.

இங்கிலாந்துக்காரங்க முதல்ல போர்ட் எஸ்கோட் பின் அச்ச போட்டாங்க, பிறகு போர்ட் சியாரா, 1982லருந்து வந்ததே அந்தக் கார், அதோட டிப்ப கழட்டி சேசிலயே பூட்டி ரெண்டு பக்கமும் தனித்தனி சாஃப்ட் குடுத்து ஓட்டுறாங்க. மச்சானுக்கு அதுலதான் ஆசை. ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி எறங்கும், தோட்டத்துக் குழிக்கு சொகுசா இருக்கும்ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நான் சொன்னேன், மச்சான், நம்மகிட்ட சியாராவும் இல்ல, அந்த சாஃப்ட் வெட்டி சேக்க நம்பிக்கையான லேத்தும் பக்கத்துல இல்ல, கொரோலா அச்சுன்னா நாளைக்கு ஒடைஞ்சாலும் பஞ்சிகாவத்தைல கெடைக்கும். பஞ்சிகாவத்தையத் தெரியாத டிரைவர் இலங்கைல இல்ல, ஒரு காரோட எலும்பு எல்லாம் அங்க தனித்தனியா தொங்கும். அங்கருந்து லீப் ஸ்பிரிங் வச்ச பழைய கொரோலா வேகன் பின் அச்சு ஒண்ணு வாங்கி லொறி ஒண்ணுல ஏத்தி விட்டோம், கூலி அச்சு வெலைல பாதி.

வாங்கும்போது ஒண்ணு செய்யணும், நாங்க செஞ்சோம். டிப்போட ரேசியோ (வீல் ஒரு சுத்து சுத்த எஞ்சின் பக்கத்து சாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுங்கிறது) என்னான்னு கடைக்காரர் சொல்லுறத நம்பாதீங்க. சென்டர (அச்சு நடுவுல உள்ள டிப் கூடு) கழட்ட விட்டா உள்ள உள்ள பெரிய சக்கரம் கிரவுன் வீல் பல்ல எண்ணுங்க, அதச் சுத்துற சின்னச் சக்கரம் பினியன் பல்ல எண்ணுங்க, வகுங்க. கழட்ட விடலன்னா வீல் பூட்டுற ரெண்டு ஹப்பையும் ஒண்ணா ஒரு சுத்து சுத்தி, பினியன் மூக்குல உள்ள பிளேஞ்ச் தட்டுல சோக்குக் கோடு போட்டு அது எத்தனை தரம் வருதுன்னு பாருங்க. எங்களது கிரவுன் வீல் 37, பினியன் 9, வகுத்தா 4.11. மலைக்கு இது சரியான நம்பர். 175/70 13 டயரோட, நாலாவது கியர் நேரா ஓடுதுன்னு வச்சா, எஞ்சின் 3000 சுத்துல மணிக்கு 79 கிலோமீட்டர்கிட்ட வரும், சியாராக்காரங்க பாவிக்கிற 3.62 போட்டா அதே சுத்துல 90 வரும். கொழும்பு ரோட்டுக்கு 3.62 சுகமா இருக்கும், ஆனா ரம்பொடை ஏத்தத்துல அந்த ரேசியோவோட 1290 சிசி டொயோட்டா 4கே எஞ்சின போட்டு ஏறச் சொன்னா ரெண்டாவது கியர்லயே மூச்சு வாங்கும்.

அச்ச கொட்டாய்க்குள்ள ரெண்டு ஸ்டாண்டுல ஏத்தி லீப் ஸ்பிரிங் பேட எல்லாம் கிரைண்டர் போட்டு வெட்டிட்டு, புதுசா நாலு லிங்குக்கும் (அச்ச சேசியோட இணைக்கிற கம்பி), அச்சு பக்கவாட்டுல நகராம புடிக்க குறுக்கால ஒரு பெனார்ட் கம்பிக்கும் பிராக்கெட் வெல்ட் பண்ண ரெடி. மச்சான் மாஸ்க்க கவுத்துட்டான். அந்த நேரம் பாத்து அப்பா வெத்தலை போட்டுக்கிட்டு வந்தாரு, அச்ச ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு, விரலால ஒரு சின்ன மூக்கத் தட்டி "இது ஏன்டா கீழ பாக்குது"ன்னு கேட்டாரு. பிரீதர். சூடாகுற காத்து வெளில போற ஓட்டை, அது எப்பவும் மேல இருக்கணும். நாங்க பேட வெட்டுறப்ப அச்ச புரட்டினவங்க திருப்பிப் போட மறந்துட்டோம். அப்படியே வெல்ட் அடிச்சிருந்தா என்ன நடந்திருக்கும் தெரியுமா, கிரவுன் வீல் பினியனுக்கு மத்தப் பக்கம் போயிருக்கும், கார் முன்னுக்கு ஒரு கியர், பின்னுக்கு நாலு கியர்! சப்மன் வழிமுறைய தலைகீழா படிக்கச் சொன்னாரு, நாங்க காரையே தலைகீழா ஓட்டப் போனோம். மச்சான் ரெண்டு நாள் அப்பா கண்ணுல படல.

வெல்டிங்ல ரெண்டு விசயம் பட்டு அறிஞ்சது. ஒண்ணு, அச்சுக் குழாய்ல ஒரே பக்கமா நீளமா வெல்ட் ஓட்டினா அது ஆறும்போது அந்தப் பக்கமா இழுத்து குழாய் வளையும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா சாஃப்ட் உள்ள நேரா உக்காராது, பிறகு என்னதான் ஒயில் சீல் மாத்தினாலும் ஒழுகும். ஒரு இஞ்சி அடி, விடு, மத்தப் பக்கம் போ, தேத்தண்ணி குடி, கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு திரும்ப வா. ரெண்டாவது, எர்த் கிளிப்ப வெல்ட் பண்ணுற எடத்துக்குப் பக்கத்துலயே கவ்வ விடுங்க. அத ஹப்புல மாட்டிட்டு நடுவுல வெல்ட் அடிச்சா கரண்டு பேரிங்குக்குள்ளால போய் குண்டுகள சுட்டுத் தள்ளும். நாங்க சென்டரையும் சாஃப்டையும் முழுசா கழட்டி வச்சிட்டுத்தான் வெல்ட் அடிச்சோம்.

பினியன் சீல் கதை எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். சீல் ஒழுகுதுன்னு டவுன்ல ஒரு கராஜுக்கு (பேரு வேணாம்) சென்டர கொண்டு போய்க் குடுத்தேன். பாஸ் நல்ல மனுசன்தான், ஆனா காத்துல ஓடுற ஏர் கன்ன எடுத்து பினியன் நட்ட டர்ர்ர்ருன்னு ஒரே அடி. அந்த நட்டுக்கு உள்ள ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு நசுங்குற குழாய் இருக்கு, கிரஷ் சிலீவ்ம்பாங்க, அது சரியா வேண்டிய அளவுக்கு நசுங்கணும், ஒருக்கா கூட நசுங்கினா திரும்பி வராது, புதுசுதான் போடணும். வீட்டுக்குக் கொண்டாந்து கையால சுத்தினா இறுக்கமா கரகரன்னு சுத்துது. இதோட ஓட்டியிருந்தா முதல் ஏத்தத்துலயே பேரிங் சூட்டுல நீலம் பாத்திருக்கும். திரும்ப கழட்டி, புது சிலீவ் தேடி, இந்த முறை அப்பா முறைல செஞ்சோம்: பிளேஞ்ச் மேல நூல நாலு சுத்து சுத்தி, நூல் நுனிய மீன்காரன் ஸ்பிரிங் தராசுல மாட்டி மெதுவா இழுக்குறது, பிளேஞ்ச் சுத்த ஆரம்பிச்ச பிறகு முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்குறது, நட்ட கொஞ்சம் கொஞ்சமா, கடிகார முள்ளு அஞ்சு நிமிசம் போற அளவு கூட இல்லாம, இறுக்கி இறுக்கி திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்குறது. ஒரு மத்தியானம் பூரா போச்சு. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவுல உள்ள ஆட்டத்துக்கு டயல் கேஜ் வச்சு 0.15 மில்லிமீட்டர் எடுத்தோம், டொயோட்டாக்காரன் இந்த மாதிரி டிப்புக்கு சொல்லுறது 0.13லருந்து 0.18 வரை. பல்லுல மை பூசி சுத்திப் பாத்தா அடையாளம் பல்லு நடுவுல விழணும், நுனிலயோ அடிலயோ விழுந்தா சத்தம் போடும், தேயும். ஒயில் ஜிஎல்5, 80டபிள்யூ90. அத கியர்பொக்ஸுக்கும் ஊத்திடாதீங்க, பித்தளை ரிங் உள்ள பழைய கியர்பொக்ஸுக்கு எல்லா ஜிஎல்5 ஒயிலும் ஒத்துக்காது.

மூக்குச் சாய்வு பத்தி ஒரு வரி: கியர்பொக்ஸ் பின்முனையும் பினியன் மூக்கும் ஒண்ணுக்கொண்ணு சமாந்தரமா இருக்கணும், போன்ல உள்ள மட்டம் பாக்குற ஆப் வச்சே பாத்துக்கலாம்.

இதெல்லாம் கஷ்டம்தான், ஆனா இதுக்கெல்லாம் வழி இருந்தது. வழியே இல்லாம நாங்க முட்டி நின்னது போல்ட்டுல.

ஒரு கணக்கு சொல்லுறேன். எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு குடுக்குதுன்னு வைங்க, முதல் கியர் 3.8, டிப் 4.11, பெருக்கினா அச்சுல 1560 வரும். வீல முன்னுக்கு சுத்துற அதே முறுக்கு அச்சுக் கூட்ட பின்னுக்கு சுத்தப் பாக்கும், நாய் வாலத் துரத்துற மாதிரி. அத சுத்த விடாம புடிச்சு வச்சிருக்கிறது மேல ரெண்டு, கீழ ரெண்டு லிங்க். மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளின்னா ஒரு பக்கத்து லிங்க் ஒவ்வொண்ணுலயும் 400 கிலோகிட்ட பாரம், இது சும்மா சீரா ஏறும்போது. கிளச்ச டக்குன்னு விட்டா, குழில விழுந்து எழும்பினா அது எங்கயோ போகும். இவ்வளவும் ஒவ்வொரு லிங்க் முனைலயும் ஒரே ஒரு 12 எம்எம் போல்ட்டு மேல.

அந்தப் போல்ட்ட வாங்க டவுன்ல உள்ள ஒரு ஹார்ட்வெயாருக்குப் போனேன். "12 எம்எம் போல்ட்டு, மூணு இஞ்சி நீளம், எட்டு". முதலாளி பெட்டிக்குள்ள கைய விட்டு அள்ளி தராசுல போட்டாரு. வெங்காயம் மாதிரி நிறுத்து விலை சொன்னாரு. "முதலாளி, இது 8.8ஆ"ன்னு கேட்டேன், அது போல்ட்டுத் தலைல குத்துற பல நம்பர். "தம்பி, நல்ல போல்ட்டு, எல்லாரும் இதுதான் கொண்டு போறாங்க"ன்னு சொன்னாரு. தலைல ஒண்ணும் இல்ல, மொட்டை. நானும் அவசரத்துல வாங்கிட்டு வந்துட்டேன், அது என் பிழை.

பூட்டினோம். கூட்டாளி ஒருத்தன்கிட்ட டோர்க் ஸ்பேனர் (செட் பண்ணின இறுக்கம் வந்ததும் கிளிக்குன்னு சத்தம் போடுறது) இரவல் வாங்கி 80 நியூட்டன் மீட்டருக்கு செட் பண்ணி இறுக்குனேன். கிளிக் வரல. இன்னும் கொஞ்சம். வரல. கைல ஒரு மாதிரி மெத்துன்னு இருந்தது, ஈயக் கம்பிய வளைக்கிற மாதிரி, ஸ்பேனர் போய்க்கிட்டே இருக்கு, பாரம் ஏறல. கழட்டி எடுத்தா நட்டு பாதில சிக்குது. அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடி கூட போடல, கட்டை விரல் நகத்த மரை மேல வச்சு மெதுவா இழுத்தாரு, ஒரு எடத்துல நிப்பாட்டி "இங்க மரை விரிஞ்சு போச்சு"ன்னாரு. புது போல்ட்டு ஒண்ண பக்கத்துல வச்சுப் பாத்தா அந்த எடத்துல இது ஒல்லியா, இடுப்பு புடிச்ச மாதிரி இருந்தது. கார் ஒரு அடி கூட ஓடல. நான் இறுக்கின இறுக்குலயே போல்ட்டு நீண்டு போச்சு.

ஏன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். தலைல 8.8ன்னு இருந்தா முதல் 8ன்னா சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது, புள்ளிக்குப் பின்னால உள்ள 8ன்னா அதுல 80 வீதம் வரை நீளாம நிக்கும், அதாவது 640. சாதாரண மைல்ட் ஸ்டீல் 4.6, அது 400ல அறும், 240லயே நீள ஆரம்பிச்சிரும். 12 எம்எம் போல்ட்டுல அத கிலோவா மாத்தினா 8.8 அஞ்சரை டன் வரை தாங்கும், 4.6 ரெண்டு டன்னோட சரி. 80க்கு டோர்க் வச்சா போல்ட்டுக்குள்ள மூணு டன்னுக்கு மேல இழுவை ஏறும். மொட்டைத் தலை போல்ட்டு எப்படி தாங்கும். குறைவா இறுக்கினா தாங்கும்தானேன்னு மச்சான் கேட்டான். அப்படி இறுக்கினா லிங்க் முனைல உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள்ள இருக்கிற இரும்புக் குழாய பிராக்கெட் ரெண்டு காதும் கவ்விப் புடிக்காது, குழாய் ஆடும், ஆட ஆட ஓட்டை முட்டை வடிவத்துக்கு வரும், போல்ட்டு அரம் போட்ட மாதிரி தேயும். ஒரு நாள் ஏத்தத்துல டொங்குன்னு ஒரு சத்தம் கேக்கும், அவ்வளவுதான்.

நம்பர் மட்டும் இல்லீங்க, மரையும் பிரச்சினை. பத்து எம்எம் போல்ட்டு குடுங்கன்னா ஹார்ட்வெயார்ல வர்றது 1.5 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.5 எம்எம் இடைவெளி. ஜப்பான் கார்ல உள்ள பத்து எம்எம் போல்ட்டு 1.25 மரை. ரெண்டும் பாக்க ஒண்ணு, நட்ட போட்டா ரெண்டு சுத்து போகும், பிறகு இறுகும், நம்ம ஆளுங்க துரு புடிச்சிருக்குன்னு நெனச்சு நீளக் குழாயப் போட்டு திருகிடுவாங்க, மரை எல்லாம் செத்துப் போகும். தலையும் வேற. கராஜ்ல போல்ட்ட ஸ்பேனர் நம்பர்லதானே சொல்லுவாங்க, "14 போல்ட்ட எடு"ன்னா கார்ல அது பத்து எம்எம், ஆனா கடைல உள்ள பத்து எம்எம்முக்கு 17 ஸ்பேனர் வேணும், சிலதுக்கு 16. கடைல போய் 14 போல்ட்டுன்னு கேட்டா சில பேரு 14 எம்எம் தடிப்புல ஒரு உலக்கைய எடுத்து நீட்டுவாங்க. வீல் நட்டும் இதே கதைதான், டொயோட்டாவுக்கு 12ல 1.5, நிசானுக்கு 12ல 1.25, ரெண்டுக்கும் 21 ஸ்பேனர் போகும். ஒரு வேன்ல டொயோட்டா ஸ்டட்டுல நிசான் நட்ட அடிச்சு ஏத்தி வச்சிருந்தத நானே என் கண்ணால பாத்திருக்கேன். அது ஸ்கூல் புள்ளைங்க போற வேன்.

மலைநாட்டுல இதுக்கு மேல இன்னொரு கூத்து. ஸ்டோர்ல உள்ள பழைய ரோலர், பெல்பாஸ்ட்ல செஞ்சு வந்த சிரோக்கோ டிரையர் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து விட்வேர்த் மரை. அரை இஞ்சில இஞ்சிக்கு 12 மரை. அமெரிக்கன் அரை இஞ்சி 13 மரை. அப்பாவோட தகர டப்பாக்குள்ள இந்த எல்லாமே கலந்து கெடக்கு, ஆனா அவருக்குத் தொட்டாலே தெரியும், கூடவே ஒரு மரை கேஜ் வச்சிருக்காரு, சின்னக் கத்தி மாதிரி மடிக்கிறது, ஒவ்வொரு இலைலயும் பல்லு வெட்டியிருக்கும், மரை மேல வச்சு வெளிச்சத்துல புடிச்சா நடுவுல வெளிச்சம் தெரியாதது எதுவோ அதுதான் சரியான மரை. இத்தனை வருசம் வீட்டுல கெடந்த சாமான், நான் அது என்னான்னு கேட்டதே இந்த வருசம்தான்.

கடைசியா ஹட்டன்லருந்து பஸ் ஏறி கொழும்பு போனேன். பழைய சோனகத் தெருவுல மூணாவது கடைலதான் ஒழுங்கான போல்ட்டு கெடைச்சது. அங்க ஒரு வயசான நானா, நான் 8.8 வேணும்ன்னு சொன்னதும் சிரிச்சிட்டு ரெண்டு போல்ட்ட மேசைல வச்சாரு. ரெண்டுலயும் 8.8 இருந்தது. "எது நல்லது சொல்லுங்க பாப்பம்"ன்னாரு. எனக்குத் தெரியல. ஒண்ணுல 8.8க்குப் பக்கத்துல செஞ்ச கம்பெனியோட குறி புடைச்சிருந்தது, மத்ததுல நம்பர் மட்டும், அதுவும் கோணலா. கம்பெனிக் குறி கட்டாயம் இருக்கணும், அதுதான் சர்வதேச முறை, குறி போட வெக்கப்படுறவன் போல்ட்ட நீங்க ஏன் வாங்குறீங்கன்னு கேட்டாரு. அரத்த எடுத்து ரெண்டையும் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாரு, ஒண்ணு வழுக்குச்சு, மத்தது பொடி பொடியா உதிர்ந்தது. அது சரியான சோதனை இல்லதான், ஆனா கண்ணால பாத்தா மறக்காது. நட்டும் 8ஆம் நம்பர் பாத்து வாங்கச் சொன்னாரு, போல்ட்டு மட்டும் நல்லதா இருந்து நட்டு மெத்துன்னு இருந்தா மரை நட்டுல உரியும். நைலோன் வச்ச நட்ட கழட்டினா திரும்ப முக்கியமான எடத்துக்குப் போடாதீங்கன்னாரு.

அவருகிட்ட கத்துக்கிட்ட இன்னொண்ணு: முழு மரை, அரை மரை. லிங்க் போல்ட்டுல பிராக்கெட் காது படுற எடத்துல மரை இருக்கக் கூடாது, மொழு மொழுன்னு உள்ள தண்டுதான் இருக்கணும், மரைப் பள்ளத்துலதான் விரிசல் ஆரம்பிக்கும், கூடவே மரை காத வேற அராவும். அதனால தேவைக்கு மேல நீளமான அரை மரை போல்ட்டா வாங்கி மிச்ச மரைய வெட்டிக்கணும். மச்சான் பளபளன்னு இருக்குதுன்னு ஸ்டெயின்லஸ் கேட்டான், கடைல உள்ள ஏ2-70 ஸ்டெயின்லஸ் 450லயே நீள ஆரம்பிக்கும், காஞ்ச மரையோட இறுக்கினா ஒட்டிக்கிட்டு வராது, நம்பர் பிளேட்டுக்குப் போட்டுக்கன்னு சொல்லிட்டேன். சீட் பெல்ட்டுக்கு மட்டும் எந்த நாட்டுக் காரா இருந்தாலும் பெரும்பாலும் 7/16 இஞ்சி யூஎன்எப் (இஞ்சிக் கணக்குல நெருக்கமான மரை), இஞ்சிக்கு 20 மரை, அதுக்கு எம்எம் போல்ட்ட தேடிப் போய் அடிச்சு ஏத்திடாதீங்க, பழைய கார்லருந்து பெல்ட்ட கழட்டுறப்பவே போல்ட்டையும் சேத்து எடுத்துக்கங்க.

ஆசிரியர் ஐயா, எட்டு போல்ட்டுக்கு நான் ஒரு நாள் பூரா பஸ்ல போய் வந்தேன். போல்ட்டு வெலைய விட பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கூட. எனக்குப் பைத்தியம், நான் போவேன். ஆனா கொழுந்து லொறிக்கும் டிரெக்டர் டிரெய்லர் கொக்கிக்கும் போல்ட்டு மாத்துறவன் போவானா, அவன் பக்கத்துக் கடைல நிறுத்துத்தான் வாங்குவான். நான் கடைக்காரங்கள குத்தம் சொல்லல, அவங்களுக்கு வர்றதும் பேரில்லாத சாக்குலதான். நான் கேக்குறது இவ்வளவுதான், பெட்டி மேல ஒரு மட்டையக் குத்தி மார்க்கர்ல எழுதி வைங்க, என்ன நம்பர், என்ன மரை, முழு மரையா அரை மரையா. நம்பர் தெரியாட்டி தெரியாதுன்னே எழுதுங்க, கூரைத் தகடு அடிக்கிறவனுக்கு அது போதும், அவன் கொண்டு போகட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அரிசிக்கும் பருப்புக்கும் விலைப் பட்டியல் பாக்க கடைக்கு வர்றாங்கதானே, ஒரு தரம் அந்த போல்ட்டுப் பெட்டிக்குள்ளயும் எட்டிப் பாத்தா என்ன. 8.8ன்னு பொய்யா குத்தி விக்கிறது சீனில மண் கலக்குறத விட மோசம், மண்ணு பல்லுலயாவது கடிபடும்.

தொழிற்பயிற்சி அதிகார சபைல மோட்டார் மெக்கானிக் படிக்கிற பொடியங்களுக்கும் ஒரு வேண்டுகோள், சேர்ட்ட இன் பண்ணிட்டு ஸ்கேனர் புடிக்கிறது எல்லாம் சரி, மரை கேஜ் ஒண்ண பொக்கெட்ல போட்டுக்கங்க. உங்க பத்திரிகைலயும் சமையல் குறிப்புக்கும் ராசி பலனுக்கும் எடம் இருக்கு, வாரத்துக்கு அரைப் பத்தி இந்த மாதிரி கை வேலைக்கும் ஒதுக்குங்க. எழுத ஆளில்லன்னு சொல்லாதீங்க, எங்க தோட்டத்துலயே அப்பா மாதிரி நாலு பேரு ரிட்டயர் ஆகி இஸ்தோப்புல உக்காந்து இருக்காங்க, அவங்க சொல்லச் சொல்ல எழுத நான் ரெடி.

கார் இப்ப நாலு வீல்ல நிக்குது. புது போல்ட்டுக்கு 80ல முதல் தரமே கிளிக் வந்தது, அந்தச் சத்தத்துக்கு மச்சான் கை தட்டினான். போன ஞாயித்துக்கெழமை ஸ்டோர் ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல ஏறினேன், டிப்புல ஒரு சின்ன ஊளை இருக்கு, வேகம் கூட்டுறப்ப இல்ல, கால எடுக்குறப்ப மட்டும். அப்பா ஒரு நீள ஸ்குரூ டிரைவர டிப்புல வச்சு மறு முனைய காதுல வச்சுக் கேட்டுட்டு பல்லு அடையாளத்த இன்னொரு தரம் பாக்கணும்ன்னு சொல்லியிருக்காரு.

நீண்டு போன போல்ட்டு ஒண்ணையும் நல்ல போல்ட்டு ஒண்ணையும் ஒரு மாஜரின் டப்பால போட்டு இந்தக் கடிதத்தோட அனுப்புறேன். ரெண்டையும் கண்ண மூடிட்டு நகத்தால இழுத்துப் பாருங்க, எதுன்னு தெரியும். பாத்துட்டு மொட்டைத் தலையத் திருப்பி அனுப்பிருங்க, அப்பா அத அந்த ஹார்ட்வெயார் முதலாளிகிட்ட கொண்டு போய் காட்டணுமாம், திருப்பிக் குடுத்தா கிலோவுக்கு எவ்வளவு தருவாருன்னும் கேக்கணுமாம்.

இப்படிக்கு,
கொட்டகலைத் தோட்டத்து வாசகன்